வண்டி இழுக்கவில்லை என்றால் எங்கிருந்து பார்ப்பது?

(மாதக் கூட்டம் முடிந்ததும் கம்யூனிட்டி ஹாலில் நம் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. பேருந்துப் பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் பேச்சை எழுத்தில் தருகிறோம். கடைசியில் கேள்வி பதிலும் உண்டு.)



சென்ற மாதம் பேஸ்மென்ட்டில் இரண்டு நாள் பெட்ரோல் வாடை அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் நாள் செக்யூரிட்டி தம்பிதான் டார்ச் அடித்துப் பார்த்து எந்த வண்டி என்று கண்டுபிடித்தார். கார்புரேட்டர் வைத்த, இருபத்தைந்து வயதைத் தாண்டிய வண்டி. அதன் சொந்தக்காரர் அதற்கு முன்பே ஒரு மாதமாக லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "சார், பிக்கப்பே இல்லை, ரேம்ப் ஏற மாட்டேன் என்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. வண்டி ஓடும்போது பம்ப் அந்த வெடிப்பு வழியாகப் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சியது, அதனால் இழுவை இல்லை. டேங்க் நிறைய இருக்கும்போது வண்டியை நிறுத்தினால் அதே வெடிப்பு வழியாகப் பெட்ரோல் சொட்டியது, அதனால் வாடை.

ஆகவே பழைய வண்டி இழுக்கவில்லை என்பதை அந்த வீட்டுக்காரரின் சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. நம் எல்லோருடைய வண்டியும் ஒரே கூரைக்குக் கீழே நிற்கிறது, மேலே எழுபத்திரண்டு வீடு இருக்கிறது. செயலாளர் என்னைப் பேசச் சொன்னதும் அதனால்தான்.

நம் குடியிருப்பில் இருக்கும் பழைய வண்டிகள் ஓடித் தேய்ந்தவை அல்ல. நின்று கெட்டவை. காலையில் கோயில், வாரம் ஒரு முறை மார்க்கெட், மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி. மற்ற நாளெல்லாம் கவர் போட்டு நிற்கும். நிற்கிற வண்டியில் பெட்ரோல் பழசாகிறது, ரப்பர் காய்கிறது, டேங்க்கின் காலி இடத்தில் ஈரம் படிகிறது, எலி குடித்தனம் வைக்கிறது. பிறகு ஒரு நாள் அவசரத்துக்கு எடுத்தால் கத்திப்பாரா மேம்பாலத்தில் நடு ஏற்றத்தில், பின்னால் லாரி ஹாரன் அடிக்க, வண்டி முனகுகிறது. அது வேடிக்கை இல்லை. முந்தப் போகும்போது நாற்பதிலிருந்து அறுபதுக்கு ஏறும் என்று நம்பி வெளியே எடுத்த வண்டி ஏறாமல் போவதுதான் இதில் உள்ள உண்மையான ஆபத்து.

மெக்கானிக்கிடம் போய் "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் ப்ளக்கில் தொடங்கி பம்ப் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் கொடுத்த தகவல் அவ்வளவுதான். நாம் பத்து நிமிடம் செலவழித்து வண்டி எப்போது, எப்படித் திணறுகிறது என்று கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

முதலில், குறை எஞ்சினில்தானா என்று பாருங்கள். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சாலை காலியாக இருந்தால், ஆக்சிலேட்டரை நன்றாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று எகிறி, வண்டியின் வேகம் மட்டும் பின்தங்கினால் எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இந்த வண்டிக்கு நீங்கள் எத்தனை பெட்ரோல் பம்ப் மாற்றினாலும் அது இழுக்காது.

அடுத்தது பிரேக். மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்திய வண்டியில் பின் சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது கேபிள் துருப்பிடித்து முழுசாக விடுபடாது. அதிகம் பிரேக் போடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் சிறிய காரை ஓர் ஆள் தள்ளிவிடலாம், அப்படித் தள்ள முடியவில்லை என்றாலும் இதே சந்தேகம்தான். நீண்ட நாள் நிறுத்துகிறவர்கள் சமதளத்தில் ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

மூன்றாவது மிகச் சாதாரணம், ஆனால் நான் பணிமனையில் பலமுறை பார்த்தது. ஒருவரை உள்ளே உட்கார வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து பார்த்தால் கேபிள் த்ராட்டிலை முழுசாகத் திருப்புகிறதா என்று தெரியும். கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது புதிதாக வாங்கிய தடிமனான மேட் பெடலுக்கு அடியில் மடிந்து கிடக்கும். பாதிதான் திறக்கிறது என்றால் பாதிதான் இழுக்கும்.

இவை மூன்றும் இல்லை என்றால் இனி எஞ்சின். அதற்கு வேண்டியது காற்று, பெட்ரோல், பொறி. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. மூன்றில் எது குறைகிறது என்பதை வண்டி திணறும் விதமே ஓரளவு சொல்லிவிடும். நடுவில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு வேலை செய்வது போல உதறி உதறி, டக் டக்கென்று இடித்தால் பொறி பக்கம் பாருங்கள். ப்ளக், ப்ளக் வயர், காயில். மழை நாளில் இது கூடும். இடிக்காமல், யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்து இழுப்பது போல மெல்லச் சோர்ந்து போனால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை, அல்லது மூச்சு அடைக்கிறது. விதிவிலக்கு உண்டு. ஆனால் தொடங்குவதற்கு இது நல்ல வழி.

மூச்சு என்றால் உள்ளே போகும் காற்றும் வெளியே போகும் புகையும். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை நீங்களே கழற்றலாம். போன வருடம் ஏ பிளாக் வண்டி ஒன்றில் அந்தப் பெட்டிக்குள் தேங்காய் நார், பிஸ்கட் காகிதம், சாம்பார் பொடி பாக்கெட் எல்லாம் வைத்து எலி பிரசவமே பார்த்திருந்தது. சிரிக்க வேண்டாம், அதே எலி பக்கத்தில் போகும் வயரையும் கடித்து வைத்திருக்கும். சைலன்சர் பக்கம் என்றால், அங்கே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே உடைந்து அடைத்துக்கொள்வது உண்டு. நின்ற இடத்திலேயே ரேஸ் செய்தாலும் ஆர்.பி.எம். ஒரு அளவுக்கு மேல் ஏறாது, அழுகிய முட்டை வாடை வரலாம், வண்டிக்கு அடியில் அளவுக்கு மீறிய சூடு இருக்கும். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இனி பெட்ரோல். இதில்தான் அதிகம் பேர் அதிகப் பணம் செலவழிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"ஸ்டார்ட் நன்றாக ஆகிறது சார், நின்ற இடத்தில் அருமையாக ஓடுகிறது, பெட்ரோல் வராமல் எப்படி?" என்று கேட்பார்கள். ஒரு சிறிய கார் சும்மா நிற்கும்போது மணிக்கு முக்கால் லிட்டர் குடித்தால் அதிகம். அதே எஞ்சின் முழு ஆக்சிலேட்டரில் ஏற்றம் ஏறும்போது அதைப்போலப் பத்து, பதினைந்து மடங்கு கேட்கும். நம் ஓவர்ஹெட் டேங்க் குழாய் அடைத்திருந்தால் ஒரு வீட்டில் கை கழுவத் தண்ணீர் வரும், நான்கு வீட்டில் ஒரே நேரத்தில் குளிக்க வராது. அதேதான். நம் பேஸ்மென்ட் ரேம்ப் இதற்கு நல்ல பரீட்சைக் களம். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வண்டி இப்போது முதல் கியர் கேட்கிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத சோதனை டேங்க் மூடி. இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் திணறுகிறது, ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறது, அதன் பிறகு வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது என்றால் டேங்க்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பம்ப் எவ்வளவுதான் இழுக்கும்? மூடியையோ வெண்ட் குழாயையோ சரிசெய்தால் போதும். திறக்கும்போது லேசான சத்தம் வருவது மட்டும் குறை ஆகாது, திறந்ததும் வண்டி தேறுகிறதா என்பதுதான் கணக்கு.

அடுத்து பம்பின் சத்தம். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், அதாவது எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில், பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் மூழ்கி இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நொடி 'ஊய்ங்' என்று ஒரு சத்தம் வந்து நிற்கும். அது வரவே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, வயர். முன்பைவிடக் கீச்சென்று கத்துகிறது என்றால் பம்ப் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். ஆனால் சத்தம் வருகிறது என்பதால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சத்தம் வேறு, அழுத்தம் வேறு.

அழுத்தத்தை அளக்க ஒரு கேஜ் இருக்கிறது. பெரும்பாலான பழைய எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் வண்டிகளில் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும், சரியான எண் உங்கள் வண்டியின் மேனுவலில் பார்க்க வேண்டியது. நின்ற இடத்தில் மூன்று பார் காட்டுகிறது என்பதற்காகத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. நல்ல மெக்கானிக் கேஜின் ஹோஸை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் மேல் டேப் போட்டு ஒட்டி, ஒரு மேம்பாலம் ஏறிப் பார்ப்பார். ஏறும்போது முள் விழுந்தால் பெட்ரோல் பக்கம்தான் குறை. முள் அசையாமல் நிற்க வண்டி மட்டும் திணறினால் பெட்ரோல் லைனை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாம். இந்த ஒரு சோதனையை யாரும் செய்யாததால்தான் எத்தனையோ நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன. என் அபிப்பிராயத்தில், அழுத்தம் அளக்காமல் பம்ப் மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடவே கூடாது.

முள் விழுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே பம்ப் இல்லை. முதலில் ஃபில்டர். சில வண்டிகளில் அது வெளியே லைனில் இருக்கும், விலை குறைவு. சிலவற்றில் டேங்க்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும். டேங்க்கின் அடியில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் ஒரு வலை இருக்கிறது, துருவும் கசடும் அதை மூடியிருக்கும். பிறகு ஹோஸ் எங்காவது நசுங்கியிருக்கிறதா. பிறகு, பலர் மறந்துவிடுவது, பம்புக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறதா.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் குடியிருப்பில் ஒருவருடைய சிறிய கார், 2006 மாடல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சீட் வரை தண்ணீர் ஏறி, பிறகு சுத்தம் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார். சில வருடம் கழித்து ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. ஒரு பணிமனையில் ப்ளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடி சுத்தம் செய்தார்கள், கடைசியில் பம்பையும் மாற்றினார்கள். பதினாலாயிரம் ரூபாய். பத்து நாள் பிரமாதமாக ஓடியது, பிறகு பழையபடி. என்னிடம் வந்தபோது மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு போனேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். பம்பின் சாக்கெட்டில் 10.2. பின் சீட்டைத் தூக்கி கார்ப்பெட்டை விலக்கினால் பம்பின் எர்த் வயர் பாடியில் முடுக்கிய இடம் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் வைத்து முடுக்கியதும் 13.5 வந்துவிட்டது. லக் விலை சில ரூபாய். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் குறையும். புதுப் பம்ப் அந்தக் குறைந்த வோல்ட்டிலும் பத்து நாள் சமாளித்தது, துரு இன்னும் கூடியதும் அதுவும் திணறிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பம்பின் சாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தால் துருப்பிடித்த இணைப்பிலும் முழு வோல்ட் காட்டும். கரண்ட் ஓடாதவரை அடைப்பு தெரியாது. சாக்கெட் மாட்டியிருக்க, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் இதை உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 2023 மழையில் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் புத்திசாலிகள், அவர்களுக்கு இது தேவைப்படாது.

பம்ப் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் ரிசர்விலேயே ஓட்டாதீர்கள். அந்தப் பம்பின் சூட்டைத் தணிப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். கால் டேங்க்காவது இருக்கட்டும். குளிராக இருக்கும்போது நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்து சூடானதும் சாகிற வண்டிகளில் வயதான பம்ப் ஒரு முக்கியமான சந்தேகம். காயிலும் அப்படிச் செய்யும்.

கார்புரேட்டர் வண்டிக்கு வருகிறேன். நம்மிடம் மூன்று இருக்கின்றன என்று நினைக்கிறேன். இதில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே ஓடும், அழுத்தம் கால் பார் அளவுதான். சட்டென்று மிதித்தால் ஒரு கணம் செத்து பிறகு எழுந்துகொள்கிறது என்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஆக்சிலேட்டர் பம்ப். மெதுவாக மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகவே இல்லை என்றால் ஜெட் அடைப்பு, ஃப்ளோட் மட்டம், அல்லது பெட்ரோல் பம்ப். நின்ற பெட்ரோல் காய்ந்து கோந்து மாதிரி ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கம்பி விட்டுக் குத்தவே கூடாது. அந்த ஓட்டையின் அளவுதான் கார்புரேட்டரின் உயிர், க்ளீனர் அடித்துக் காற்றால் ஊத வேண்டும். கரும்புகையும் பெட்ரோல் நெடியும் வந்தால் சோக் கேபிள் முழுசாகத் திரும்பியிருக்கிறதா பாருங்கள்.

இந்த வண்டிக்காரர்கள் மாதம் ஒரு முறை ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் முன்பைவிட ஏறியிருந்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். டோ செய்து கொண்டுபோங்கள்.

ஓரளவு புதிய வண்டிகளில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். 2013க்குப் பின் வந்தவற்றில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன ப்ளூடூத் கருவியும் மொபைல் ஆப்பும் போதும். சங்கத்துக்கு ஒன்று வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். அதற்கு முந்தையவற்றில் பலவற்றுக்குப் பணிமனை ஸ்கேனர்தான் வேண்டும். 'பி0171' என்று வந்தால் எஞ்சினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே கடைக்காரர் ஆக்சிஜன் சென்சார் மாற்ற வேண்டும் என்பார். சென்சார் தகவல் சொன்னவன், திருடன் அல்ல. ஆப்பில் ஃப்யூயல் டிரிம் என்று ஒரு எண் வரும், கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்று காட்டுவது. நின்ற இடத்தில் அது கூட்டல் பதினைந்து, இருபது என்று இருந்து, வேகம் எடுத்ததும் இறங்கினால் எங்கோ ரப்பர் பைப் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. நின்ற இடத்தில் நார்மல், ஏற்றத்தில் எகிறுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. அந்த இரண்டு எண்களை எழுதிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அவர் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

இனி நம் எல்லோருக்குமானது. பெட்ரோல் மைனஸ் நாற்பது டிகிரி அளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, பள்ளம் தேடி ஓடும். நம் பேஸ்மென்ட்டைவிட நல்ல பள்ளம் இந்தத் தெருவில் இல்லை. ஆகவே பெட்ரோல் லைனைக் கழற்றுவது, டேங்க் இறக்குவது, ஃபில்டர் மாற்றுவது எதுவும் பேஸ்மென்ட்டில் வேண்டாம். மெக்கானிக் வீட்டுக்கே வருகிறேன் என்றால் பின்பக்கம் திறந்தவெளியில் செய்யச் சொல்லுங்கள். எம்.பி.எஃப்.ஐ. லைனில் எஞ்சினை அணைத்த பிறகும் அழுத்தம் நிற்கும், அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு, ஆறிய பிறகு, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு கை வைக்க வேண்டும்.

வாடை அடித்தால் முதல் ஆளாகச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், சுவிட்சையும் தொட வேண்டாம். சொட்டுகிற வண்டியை நியூட்ரலில் போட்டு, நான்கு பேர் சேர்ந்து திறந்தவெளிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ரேம்ப் தடுத்தால் மற்றவர்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வெட்கப்படாதீர்கள். தீ என்று வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். தூண் அருகே மாட்டியிருக்கும் பவுடர் சிலிண்டர்தான்.

ஹோஸ் மாற்றும்போது விலை பார்க்காதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அதற்கென்று உள்ள அழுத்தம் தாங்கும் ஹோஸ் உண்டு, மேலேயே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருக்கும். கார்புரேட்டர் ஹோஸை அங்கே மாட்டினால் நாளாக ஆகப் பிளந்துகொள்ளும். தோட்டத்து டியூபை மாட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

கேள்வி நேரம்

டி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, அதனால்தான் பிக்கப் இல்லையா?"

பாதி உண்மை அம்மா. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் கலவையில் ஆறேழு சதவீதம் குறைகிறது, முன்பு வந்த 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்று சதவீதம் சொச்சம். மைலேஜில் கொஞ்சம் தெரியும். ரேம்ப் ஏறாத அளவுக்கு ஆகாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டர் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆனால் சுற்றி வளைத்து வரும் தொல்லை இருக்கிறது. இந்தக் கலவைக்கென்று செய்யாத பழைய ரப்பரை எத்தனால் கெடுக்கும். டேங்க்கில் பல வருடம் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். சந்தேகம் இருந்தால் டேங்க்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலை மெக்கானிக் ஒரு கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் வைத்துக் காட்டட்டும். நடுவில் கோடு தெரிந்தால் அதுதான். மாதக்கணக்கில் நிறுத்துகிற வண்டியில் ஒரே பெட்ரோலை வைத்திருக்காமல், ஓட்டித் தீர்த்துப் புதிது போடுங்கள்.

"பங்க்கில் விற்கிற சின்ன பாட்டில் ஊற்றலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார்.

இன்ஜெக்டர் லேசாக அழுக்காக இருந்தால் பயன் தரலாம். அடைத்த ஃபில்டரையோ துருப்பிடித்த எர்த்தையோ அது சரி செய்யாது. முதலில் ஃபில்டர் மாற்றுங்கள்.

"எனக்கு வண்டி 15 வருடம் முடியப்போகிறது, ஆர்.சி. புதுப்பிக்கலாமா, விற்றுவிடலாமா?"

புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத் தருவார்கள், வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிக்கப் இல்லை என்பதற்காக விற்காதீர்கள், இதுவரை சொன்ன எல்லாமே சரி செய்யக்கூடியவை. அடிப்பாகத்தில் சட்டமும் டேங்க்கும் துருப்பிடித்து உதிர்கிறது என்றால் மட்டும் யோசியுங்கள். அதில் பணம் போட நான் சொல்ல மாட்டேன்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பின் கேட் அருகே ஜெனரேட்டருக்கு எதிரே இருக்கும் திறந்தவெளியில், என் பிரஷர் கேஜும் மல்டிமீட்டரும் கொண்டு வருகிறேன். முதல் ஆறு வண்டிதான் பார்க்க முடியும், பெயரைச் செக்யூரிட்டி ரூம் நோட்டில் எழுதி வையுங்கள். டேங்க்கில் கால் அளவு பெட்ரோல் இருக்கட்டும், டிக்கியைக் காலி செய்துவிட்டு வாருங்கள்.